பதிலுக்கு நிற்கிற குரல்

என் தம்பியை அவன் வேலை பார்க்கும் இடத்தில் எல்லாரும் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முகத்துக்கு நேராகவே. ‘சந்தேகம், டீ வந்தாச்சு’ என்று குரல் கொடுப்பார்கள். அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். டம்ளரைத் தொட்டுச் சூட்டைப் பார்ப்பான், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பான், ஆறி அவலாய்ப் போன பிறகு குடிப்பான். அவன் வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற பார்வையில் பூட்டுக்கே அழுகை வந்துவிடும். கல்யாணப் பேச்சை எடுத்தால் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்பான். தலை பாதி நரைத்துவிட்டது, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

நான் அவனுக்கு மூத்தவள். பள்ளி வேன் ஓட்டுகிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. பிறக்கும்போது கொஞ்சம் இருந்திருக்கலாம், அதைக் குழந்தைகளும் சிக்னல்களுமாகச் சேர்ந்து தின்று தீர்த்துவிட்டார்கள்.

அவன் வேலை பார்ப்பது பார்வையில்லாதவர்களுக்கான ஒலி நூலகத்தில். கதை, பாடம், பாட்டு என்று சிடிகள் அலமாரி அலமாரியாக நிற்கின்றன. அவை கெட்டுப்போவதற்குள் அதில் இருக்கும் ஒலியை எடுத்துக் கணினியில் சேர்த்து வைக்க வேண்டும். தட்டைப் போட்டுப் பட்டனை அமுக்கினால் ஆயிற்று, இதற்கு ஒரு சம்பளமா என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவன் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனான். கொண்டுபோய்க் கொடுக்கப் போனவள் வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஜன்னலோரம் ஒரு மேஜை. அதில் லினக்ஸ் போட்ட ஒரு கணினி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. பக்கத்தில் சிடி டிரைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றையும் அவன் உருப்படாத சொந்தக்காரனை அறிமுகப்படுத்துகிற மாதிரி அறிமுகப்படுத்தினான்.

“இவன் இருக்கானே அக்கா, எந்தப் பாட்டையும் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிடுவான்.”

“எவ்வளவு முன்னாடி?”

“கண் சிமிட்டற நேரத்துல பத்துல ஒரு பங்கு இருக்கும்.”

“அடப்பாவி, அதைக் கண்டுபிடிச்சு என்ன பண்ணப்போற?”

“செட்டிங்ல எழுதி வெச்சிடுவேன். எவ்வளவு தள்ளிப் படிக்கறான்னு தெரிஞ்சா அவ்வளவையும் நகர்த்தி நேர் பண்ணிக்கலாம்ல.”

இரண்டாவது டிரைவைத் தட்டிக் காட்டினான். “இவன் சோம்பேறி. ஒரு இடத்தைப் படிச்சதுக்கப்புறம் அதையே மறுபடி படின்னு சொன்னா, தட்டைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். முதல்ல படிச்சது ஞாபகத்துல இருக்கும், அதையே ஒப்பிச்சிடுவான். ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வந்துடுச்சேன்னு நாம ஏமாந்துபோவோம். இவனை நடுவுல வேற எங்கயாவது ஓடவிட்டு, பழசை மறக்கடிச்சு, அப்புறம்தான் கேக்கணும்.”

மூன்றாவதுதான் இருப்பதிலேயே மோசமாம். படிக்க முடியாத இடம் வந்தால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்ளாது. முன்னால் இருக்கும் ஒலியையும் பின்னால் இருக்கும் ஒலியையும் பார்த்து, நடுவில் சொந்தமாக ஏதோ ஒன்றை வைத்து நிரப்பிவிடும். காதுக்குத் தெரியவே தெரியாது.

“அப்புறம் உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?”

“எனக்கும் தெரியாது. அதான் எவனையும் நம்பறதில்ல. ரெண்டு டிரைவ்ல தனித்தனியா எடுத்து, ஒரு புள்ளி பிசகாம ஒத்துப்போனாத்தான் விடுவேன்.”

சுவரில் ஆணியில் ஒரு ஹெட்ஃபோன் தொங்கியது. அதன் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “கேக்கறதுக்கு எங்க நேரம்?” என்றான். நாள் முழுக்க அடுத்தவர் குரல்களைத் தூக்கிச் சுமக்கிறவன் ஒரு குரலைக்கூடக் காதால் கேட்பதில்லை. எண்கள் ஒத்துப்போனால் அவனுக்குப் போதும்.

எங்கள் அப்பா தட்டச்சும் சுருக்கெழுத்தும் சொல்லிக்கொடுத்தவர். ஒரு மாடி அறை, வரிசையாகத் தட்டச்சு இயந்திரங்கள், நடுவில் அப்பாவின் குரல். மாணவர்கள் வீட்டில் வைத்துப் பழகுவதற்காகக் கடிதங்களை வாசித்து சிடியில் பதிந்து கொடுப்பார். மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, கை ஒடிகிற வேகத்தில் ஒன்று. எல்லாம் ஆபீஸ் கடிதங்கள்தான். அனுப்பிய மின்விசிறி உடைந்து வந்திருக்கிறது, கூரை ஒழுகுகிறது, உடல்நலக் குறைவால் விடுப்பு வேண்டும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி எல்லாவற்றையும் வாய்விட்டே சொல்வார். வீட்டில் சண்டை போட்டால்கூட “இத்துடன் முற்றுப்புள்ளி” என்று சொல்லித்தான் எழுந்து போவார்.

அவ்வளவு பேசுகிற மனிதருக்கு இப்படி ஒரு பிள்ளை. எதைக் கேட்டாலும் ‘ம்’. அதுவும் இரண்டாவது தடவை கேட்டால்தான். “இவன்கிட்ட ஒரு பதில் வாங்கறதுக்குள்ள நான் ரெண்டு கடிதம் எழுதிப் போட்டுடுவேன்” என்பார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் சொல்லிவிட்டு அவன் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். அதை அவன் கவனித்தானா என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் வகுப்பில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவர் யோசிக்கிறார் என்று நினைத்து, பையன்களும் பெண்களும் அடுத்த வார்த்தைக்காகப் பென்சிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்களாம். அந்த அடுத்த வார்த்தை வரவே இல்லை.

சிடிகளெல்லாம் மாணவர்களோடு போய்விட்டன. வீட்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அம்மாவிடம் ஒரு பழைய சிடி பிளேயர் உண்டு. அதன் மூடி தானாக நிற்காது, மேலே ஒரு பெரிய பூட்டைப் பாரமாக வைக்க வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும் அம்மா அதைப் போட்டுவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்துவிடுவாள். உடைந்த மின்விசிறியையும் ஒழுகும் கூரையையும் அப்படி ஆசையாகக் கேட்ட பெண்பிள்ளை உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

வேனை நிறுத்திவிட்டு நான் ஒரு நாள் உள்ளே நுழையும்போது கூரைக் கடிதம் ஓடிக்கொண்டிருந்தது. வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு எழுதுவது. “தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன் முற்றுப்புள்ளி தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்” என்றார் அப்பா. அடுத்து முற்றுப்புள்ளி வர வேண்டும். வரவில்லை. “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்” என்றார் மறுபடியும். நடுவில் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

அம்மா கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தாள். பிளேயர் பக்கம் திரும்பி, பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி, “இருக்கேங்க. மேல படிங்க” என்றாள்.

“முற்றுப்புள்ளி,” என்றார் அப்பா. “புதுப் பத்தி. இப்படிக்கு.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

“என்னம்மா இது?”

“தினம் அந்த இடத்துல நிப்பார். நான் சொன்னாத்தான் போவார்.”

“நீ பதில் சொல்லாம விட்டா?”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அது எப்படி விடறது? கேக்கறாரே.”

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. அந்த இடத்தில் தட்டு பழுதாம். லேசர் வழி தவறிப் பின்னால் போய் விழுகிறதாம், மறுபடி வருகிறதாம், மறுபடி விழுகிறதாம். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சூடாகி எப்படியோ தாண்டிவிடுகிறதாம். அம்மா பேசுவதும் அது தாண்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான். “சம்பந்தமே இல்லக்கா,” என்றான்.

“நீ வந்து ஒரு தடவை கேளேன்.”

“கேட்டா மட்டும் என்ன தெரியப்போகுது?”

அப்பா போன பிறகு அவன் அந்தக் குரலை ஒரு நாளும் கேட்டதில்லை. சாயங்காலம் அம்மா பிளேயரைப் போட்டாலே, ஏதோ சாமான் வாங்கப் போகிற மாதிரி பையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவான். வெறும் பையோடு திரும்பி வருவான்.

ஆனால் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் முகம் மாறிவிட்டது. எனக்கும் காட்டினான். வெள்ளிப் பூச்சில் ஊசி குத்தின மாதிரி பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்தது. ஓரத்தில் பூச்சு செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டிருந்தது. “இது ரொம்ப நாள் தாங்காதும்மா. இப்பவே எடுத்து வைக்கலைன்னா அப்பா குரலே இருக்காது,” என்றான். அம்மாவுக்கு மனசே இல்லை. கடைசியில், “எடுத்துக்கோ. அவரை ரொம்பத் தொந்தரவு பண்ணாதே” என்று கொடுத்தாள்.

தட்டைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான். எந்த டிரைவ் எவ்வளவு தள்ளிப் படிக்கிறது என்பதை முதலிலிருந்து மறுபடியும் அளந்து செட்டிங்கில் எழுதினான். வேகத்தைக் குறைத்து நத்தையாக ஓடவிட்டான். சோம்பேறி டிரைவை நடுநடுவே வேறு இடத்துக்கு விரட்டிப் பழசை மறக்கடித்தான். சொந்தமாக நிரப்புகிறவனைக் கிட்டவே சேர்க்கவில்லை. அந்தப் பழுதான இடம் மட்டும் ஒத்தே வரவில்லையாம். படித்துப் படித்துப் பார்த்துக் கடைசியில் ஒரு நாள் இரண்டு டிரைவும் ஒரே விடையைச் சொல்லின. இவ்வளவும் ஸ்பீக்கரை அணைத்து வைத்துக்கொண்டு. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்பா கண்ணாடி மாதிரி தெளிவாகப் பேசினார். கூரைக் கடிதம் வந்தது. “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் முற்றுப்புள்ளி புதுப் பத்தி இப்படிக்கு” என்று ஒரே மூச்சில் தாண்டிப் போனார். அம்மா வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள்.

“யாருடி இது?” என்றாள் என்னிடம். “உங்கப்பா மாதிரியே பேசுறாரு. நிக்கவே மாட்டேங்குறாரே.”

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பெட்டியைத் தொடவில்லை. சாயங்காலங்களில் சும்மா உட்கார்ந்திருந்தாள். துணிகள் மடிக்காமல் நாற்காலியில் குவிந்தன. ‘எல்லாம் சரியா இருக்கு, ஒரு புள்ளிகூட விடலையே’ என்று அவன் என்னிடம் வந்து புலம்பினான். “சரியா இருக்கறதுதாண்டா கோளாறு” என்று கத்தினேன். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

அவன் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெட்டியில் ஒரு மைக்கைப் பொருத்தினான். கணினியில் ஏதோ நாலு வரி கட்டளை எழுதிப் போட்டான். அந்த இடம் வந்ததும் அப்பாவின் அதே வரி திரும்பத் திரும்ப ஓடும், வீட்டில் குரல் கேட்டதும் மேலே போகும். அம்மா நம்பிக்கையில்லாமல் உட்கார்ந்தாள். “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்,” என்றார் அப்பா. “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.” அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். “இருக்கேங்க, இருக்கேங்க” என்றாள். “முற்றுப்புள்ளி,” என்றார் அப்பா. அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான்.

அந்த வாரம் துணியெல்லாம் மடித்து அலமாரிக்குள் போனது. அப்புறம் ஒரு சாயங்காலம் அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் குக்கர் விசில் அடித்தது. “முற்றுப்புள்ளி. புதுப் பத்தி,” என்று அப்பா கிளம்பிவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

தம்பி வந்ததும் அம்மா அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள். “விசிலையே பதில்னு எடுத்துக்கிட்டுப் போறாரே, எப்படிடா?”

“அதுக்கு யாரு குரல்னு தெரியாதும்மா. சத்தம் வந்தாப் போதும்.”

“சத்தமே வரலைன்னா?”

“கேட்டுக்கிட்டே இருக்கும்.”

“எவ்வளவு நேரம்?”

“சத்தம் வர வரைக்கும்.”

“நான் இல்லாத அன்னிக்கு? வீட்ல யாருமே இல்லைன்னா?”

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “கேட்டுக்கிட்டேதாம்மா இருக்கும்” என்றான்.

“பூட்டின வீட்டுக்குள்ள அவரை அப்படி நிக்க வெச்சிருக்கியா நீ?” என்றாள் அம்மா. அவள் சத்தம் போட்டே நான் கேட்டதில்லை. அன்றைக்கும் போடவில்லை. எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினாள். அதன் பிறகு எனக்குச் சில நாள் தூக்கம் சரியில்லை. ஆளில்லாத வீட்டில் அப்பா அதையே கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி கண்ணை மூடினாலே காதில் விழுந்தது.

அம்மா பழைய பிளேயருக்கே போய்விட்டாள். பூட்டைத் தூக்கி மேலே வைத்தாள். தட்டு போடுவதும் எடுப்பதுமாக ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. மேஜை மேல் ஜிகினாத் தூள் மாதிரி கிடக்கும். தம்பி கெஞ்சிப் பார்த்தான். “கையில எடுக்க எடுக்க உதிரும்மா. ஒரு நாள் ஓடவே ஓடாது.”

“உதிரட்டும். நான் மட்டும் உதிராமலா இருக்கேன்? இருக்கற வரைக்கும் கேக்கட்டும், நான் சொல்றேன்.”

இதில் நான் யார் பக்கம் என்று எனக்கே இன்றுவரை தெரியவில்லை. தட்டு ஒரு நாள் நிற்கத்தான் போகிறது. அன்றைக்கு அம்மா என்ன ஆவாள் என்று நினைத்து நினைத்துத்தான் அவனும் நானும் பயந்துகொண்டிருந்தோம். அந்தப் பயத்தில்தான் அவன் சாயங்காலம் வெளியே போவதை நிறுத்தினான். அம்மா பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றான். கடைசியில் வேறு வழியில்லாமல் அப்பா குரல் இருக்கும் அறையில் வந்து உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டு, கால் விரலையே பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சும்மா இல்லை, காற்றுகூட வரவில்லை. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிளேயரையும் திறக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அம்மா என் பேச்சை என்றைக்குக் கேட்டாள்? பூட்டைத் தூக்கினாள், தட்டைப் போட்டாள், துணியோடு உட்கார்ந்தாள். தம்பி ஜன்னலோரம் இருந்தான். நான் கதவோரம்.

கூரை ஒழுகியது. வீட்டுக்காரரை நேரில் வரச் சொன்னார். “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

டக். “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

அம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். தட்டு சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.” வழக்கமாக மூன்று நான்கு தடவையில் அவள் பதில் வந்துவிடும். இன்றைக்கு அதையும் தாண்டி அவர் கேட்டுக்கொண்டே போனார். தாண்ட வேண்டிய மோட்டார் தாண்டவில்லை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை, கோபம் இல்லை, அவசரம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. போய் நிறுத்திவிடலாம் என்று நான் எழுந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

அவன் நிமிர்ந்திருந்தான். பிளேயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை வருஷத்தில் அப்பாவின் குரலை அவன் முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

“தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

“ம்,” என்றான் தம்பி.

டக். “தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

“இருக்கேம்ப்பா,” என்றான். அவன் குரல் உடைந்து இரண்டாகப் போயிற்று. “இங்கதான் இருக்கேன். சொல்லுங்கப்பா.”

“முற்றுப்புள்ளி,” என்றார் அப்பா. “புதுப் பத்தி. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.”

தட்டு ஓடி முடிந்து நின்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து துணியை மடிக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தில் ஒரு ஆறுதல். தனக்குப் பிறகும் வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட ஆறுதல்.

தம்பி எழுந்து பிளேயரிடம் போனான். எனக்குத் தெரியும் அவனை. ஒரு தடவை நடந்ததை நடந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டான். மறுபடியும் ஓடவிடுவான், இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருப்பான், தானாகத் தாண்டுகிறதா என்று பார்ப்பான். விரல் பட்டன் மேல் போய் நின்றது. அம்மாகூட மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

வெகுநேரம் அப்படியே நின்றவன் கையை எடுத்துக்கொண்டான்.

வாசலில் வேனைக் கிளப்பும்போது ஜன்னல் வழியாக அவனைக் கேட்டேன். “மோட்டார் சூடுதானேடா? சம்பந்தமே இல்லைன்னு சொன்னே. ஏன் மறுபடி போட்டுப் பாக்கல?”

அவன் தெருவைப் பார்த்தான். இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் பதில் வந்தது.

“நான் பேசாமலேயே அவர் போயிட்டார்னா, அக்கா?”